வரி எந்தத் தொகைக்கு?

(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலேசியாவில் 2015 ஏப்ரல் 1 முதல் பொருள் சேவை வரி நூற்றுக்கு 6 வெள்ளி வீதம் வாங்கப்பட்டது. 2018 ஜூன் 1-இல் அது பூஜ்யமாக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் விற்பனை வரியும் சேவை வரியும் மீண்டும் வந்தன. போன வரியைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்பீர்கள். அது கற்பித்த பாடம் போகவில்லை.

வரி நீங்கலாக 50 வெள்ளி விலையுள்ள சட்டையில் கடைக்காரர் 10 வெள்ளி தள்ளிக் கொடுத்தார் என்று வையுங்கள். வரிக்குரிய மதிப்பு 40 வெள்ளிதான். வரி 2 வெள்ளி 40 காசு. ஐம்பதுக்குக் கணக்குப் போட்டால் 3 வெள்ளி! 60 காசு நம் மடியிலிருந்து போய்விடும்.

வரி உட்பட 106 வெள்ளி என்று சீட்டில் இருந்தால், அதில் வரி 6 வெள்ளி. அதன்மேல் மறுபடியும் வரி கேட்டால் அது வரிக்கு வரி, கொடுக்கத் தேவையில்லை.

பால் நிறுக்கும்போது தராசு முள்ளைக் கண்கொட்டாமல் பார்க்கிறோமே! இன்றைய சேவை வரிச் சீட்டையும் அப்படியே பாருங்கள். "வரி எந்தத் தொகைக்கு?" என்று கேளுங்கள். கணக்குத் தெரிந்த கிராணிமார்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

உழைத்த காசைக் காப்பதும் தொழிலாளியின் உரிமையே!