தோற்ற மருந்தும் போய்ச் சேராத மருந்தும்



ரத்தப் புற்றுநோய் ஆய்வைப் பற்றிய ஒரு கருத்தரங்கு காரிமங்கலத்தில் கூடுவதும், அதற்குத் தலைமை ஏற்க என்னை அழைத்ததும் எனக்குப் பெருமை. கூடவே கொஞ்சம் உதறலும் உண்டு. முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களில் சிலர் என் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தவர்கள். சிலர் திருப்பி அனுப்பியவர்கள். இரு சாராருக்கும் நன்றி சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

செல்லின் வேண்டாத புரதங்களை உடைக்கும் புரோட்டியசோமை அடைக்கும் மருந்துகளான புரோட்டியசோம் தடுப்பான்களின் நேற்று, இன்று, நாளை பற்றிப் பேசும்படி அமைப்பாளர்கள் பணித்திருக்கிறார்கள். நேற்றைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. தசை இளைப்பைத் தடுக்க வழி தேடி ஆல்ஃபிரட் கோல்ட்பெர்க் 1993-இல் ஒரு சிறு நிறுவனம் தொடங்கியதும், அங்கே பிறந்த மூலக்கூறு போர்டிசோமிப் ஆகி 2003 மே மாதம் மல்டிபிள் மைலோமா என்னும் பிளாஸ்மா செல் புற்றுநோய்க்கு அமெரிக்க அனுமதி பெற்றதும், 2004-இல் உடைக்க வேண்டிய புரதங்களுக்கு அடையாளமிடும் யுபிக்விட்டின் பற்றிய ஆய்வுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் நீங்கள் அறிந்தவை. 2012-இல் கார்ஃபில்சோமிப், 2015-இல் விழுங்கும் மருந்தாக இக்சசோமிப். 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் போர்டிசோமிப் இடம்பிடித்தது. நாளையைப் பற்றிப் பேசப் பிற்பகல் அமர்வில் இளைஞர்கள் காத்திருக்கிறார்கள். மிஞ்சியது இன்று. அதைப் பற்றி எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

'போர்டிசோமிப்புக்குக் கட்டுப்படவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். அந்த வரி எழுதப்பட்டதும் நோயாளியின் பாதை மாறிவிடுகிறது. அடுத்த மருந்து, அடுத்த செலவு, அடுத்த ஊர். சர்வதேச மைலோமா குழு 2011-இல் தந்த வரையறை தெளிவானது: சிகிச்சை நடக்கும்போதே நோய் மசியாமலோ முற்றியோ இருக்க வேண்டும், அல்லது கடைசி மருந்துக்குப் பின் 60 நாட்களுக்குள் முற்ற வேண்டும். அந்த வரையறைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. நோயாளிக்கு மருந்து ஒழுங்காகக் கிடைத்திருக்க வேண்டும். அதை நாம் சரிபார்க்கிறோமா? பெரும்பாலும் இல்லை என்பதே என் வாதம்.

செல்லுக்குள் நடப்பதை முதலில் பார்ப்போம். நம் ஆய்வுக்கூடங்களின் கண் நெடுங்காலம் பிஎஸ்எம்பி5 மரபணுவின் மீதே இருந்தது. போர்டிசோமிப் போய் ஒட்டும் புரதத்தை உருவாக்குவதே அதுதான். வளர்ப்புச் செல்களை மருந்தில் ஊறவைத்தால் அங்கே மாற்றம் தோன்றுகிறது. கட்டுரையும் அழகாக அமைகிறது. ஆனால் நோயாளிகளிடம் அந்த மாற்றம் அரிது. ஒரே நோயாளியிடம் நான்கு பிஎஸ்எம்பி5 மாற்றங்களைக் கண்டு 2019-இல் பாரியோவும் சகாக்களும் எழுதினார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் ஒரு நோயாளியைக் கொண்டு ஒரு துறையின் திசையைத் தீர்மானிக்க முடியாது.

அதைவிட வலுவான விளக்கம் 2013-இல் டொரான்டோவிலிருந்து, டீடமன் குழுவிடமிருந்து வந்தது. எக்ஸ்பிபி1 மரபணு இயங்காத, பிளாஸ்மா செல்லாக முழுதும் முதிராத செல்கள் போர்டிசோமிப்பைத் தாண்டிப் பிழைக்கின்றன என்றது அது. இம்யூனோகுளோபுலினை மலையாய் உற்பத்தி செய்யும் செல்லுக்குத்தான் புரோட்டியசோம் உயிர்நாடி. குப்பையே சேராத வீட்டுக்குக் குப்பை வண்டி வராவிட்டால் என்ன? இங்கே மருந்து தன் வேலையைச் செய்கிறது. செல்தான் அதற்கு வேலை இல்லாத நிலைக்குப் போய்விடுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. புரோட்டியசோமை அடைத்தால் செல் புதிய புரோட்டியசோம்களைக் கட்டத் தொடங்குகிறது. அந்த மீட்சியை நடத்துவது என்ஆர்எஃப்1 என்று 2010-இல் ரேமண்ட் டெஷாயிஸின் கூடத்திலிருந்து செந்தில் ராதாகிருஷ்ணன் முதல் ஆசிரியராக எழுதினார். அந்த என்ஆர்எஃப்1-ஐ வெட்டி இயக்குவது டிடிஐ2 என்ற நொதி, எச்.ஐ.வி. மருந்தான நெல்ஃபினாவிர் இந்த மீட்சியைத் தடுக்கிறது. சுவிட்சர்லாந்தில் புரோட்டியசோம் தடுப்பான்களுக்கு அடங்காதவர்கள் என்று முடிவு கட்டப்பட்ட 34 பேருக்கு போர்டிசோமிப்புடன் நெல்ஃபினாவிரும் சேர்த்துக் கொடுத்தபோது 65 விழுக்காட்டினரிடம் பலன் தெரிந்தது. 2018-இல் வெளியான இந்த முடிவைக் கூட்டங்களில் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். தோற்றுப்போனதாக எழுதப்பட்ட அதே மருந்து துணை கிடைத்ததும் மறுபடி வேலை செய்திருக்கிறது என்பதை நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டாமா?

இப்போது என் மனதுக்கு நெருக்கமான ஒரு கட்டுரைக்கு வருகிறேன். 2010-இல் 'பிளட்' இதழில் சாரா பிரிங்கனும் இத்தாலியக் குழுவினரும் எழுதியது. 511 நோயாளிகள். சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே, வாரம் இருமுறை போட்டுவந்த போர்டிசோமிப் ஊசியை வாரம் ஒருமுறையாக மாற்றினார்கள். கடுமையான நரம்பு பாதிப்பு 28 விழுக்காட்டிலிருந்து 8 ஆக இறங்கியது. நோய் கட்டுக்குள் இருந்த காலம் குறையவில்லை. காரணம் அந்தக் கட்டுரையின் உள்ளேயே இருக்கிறது. வாரம் இருமுறைத் திட்டத்தில் அதிக மருந்து கொடுக்க எண்ணியிருந்தார்கள். ஆனால் உடம்பில் உண்மையில் ஏறிய மொத்த அளவு இரு பிரிவிலும் கிட்டத்தட்ட சமம். கால் மரத்து, எரிச்சல் தாங்காமல் பலர் பாதியில் நிறுத்தியதே அதற்குக் காரணம். அடுத்த ஆண்டு மோரோ குழு 222 பேரிடம், தோலுக்கடியில் ஊசி போட்டாலும் பலன் குறையாமல் நரம்பு பாதிப்பு 53-லிருந்து 38 விழுக்காடாக இறங்குவதைக் காட்டியது. ஏட்டில் எழுதிய அளவு வேறு, நோயாளிக்குப் போய்ச் சேர்ந்த அளவு வேறு. மருந்து எதிர்ப்பைப் பற்றிய பேச்சு இந்த இரண்டாவது எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி நான் பேசியபோது, மூத்த நண்பர் ஒருவர் இதை 'பஸ் டிக்கெட் ஆராய்ச்சி' என்று அன்போடு அழைத்தார். அவர் இன்று இங்கே வந்திருப்பதில் மகிழ்ச்சி. அந்தப் பெயரையே ஏற்றுக்கொள்கிறேன். காரிமங்கலத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் ஊசிக்காக வேலூருக்கோ பெங்களூருக்கோ வாரம் இருமுறை போக வேண்டுமென்றால், இரண்டு நாள் கூலி போகிறது. துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. மருந்தின் விலையைக் காப்பீடு தாங்கலாம். அந்த நாட்களை யார் தாங்குவது? மாங்காய் பறிப்புக் காலத்தில் அவர் இரண்டு சுற்று தவறவிட்டால், அதன்பின் ரத்தத்தில் கூடும், நோயின் அளவைக் காட்டும் எம் புரதத்துக்கு எக்ஸ்பிபி1-ஐக் குற்றம் சொல்வது எந்த வகை அறிவியல்?

நண்பரின் மறுப்பு எனக்குத் தெரியும். எண்டெவர் சோதனையைக் காட்டுவார். 929 பேர், நோய் முற்றாதிருந்த காலம் கார்ஃபில்சோமிப்பில் 18.7 மாதம், போர்டிசோமிப்பில் 9.4 மாதம். மொத்த ஆயுளும் கூடியது. மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சோதனையில் யாரைச் சேர்த்தார்கள்? முன்பு போர்டிசோமிப் எடுத்தவரானால் அதற்குப் பலன் கண்டிருக்க வேண்டும், நிறுத்தி ஆறு மாதமும் ஆகியிருக்க வேண்டும். எதிர்ப்பு உள்ளவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிய சோதனை, எதிர்ப்பை வென்றதற்குச் சாட்சி ஆகாது. கடைசியாகப் பெற்ற சிகிச்சைக்கு அடங்காத 315 பேரை எடுத்த ஃபோகஸ் சோதனையில், கார்ஃபில்சோமிப் பெற்றவர்களின் ஆயுள் 10.2 மாதம், முக்கியமாக ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட ஒப்பீட்டுப் பிரிவில் 10.0 மாதம்.

முதல் சிகிச்சையிலும் கதை இதுதான். மேயோ கிளினிக்கின் ஷாஜி குமாரும், வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்த வின்சென்ட் ராஜ்குமாரும் முன்னின்று நடத்திய எண்டியூரன்ஸ் சோதனை 2020-இல் வெளிவந்தது. 1,087 பேர், நோய் முற்றாதிருந்த காலம் கார்ஃபில்சோமிப் கூட்டுக்கு 34.6 மாதம், போர்டிசோமிப் கூட்டுக்கு 34.4. உயர் அபாய நோயாளிகள் பெரும்பாலும் அதில் இல்லை என்பது சரியே. ஆனால் மற்றவர்களுக்கு விலை கூடியதும் இதயத் தொல்லை கூடியதுமான மருந்தை முதலிலேயே எழுத என்ன காரணம் மிஞ்சுகிறது?

இந்த மாவட்டத்தைப் பற்றி ஒரு சொல். தருமபுரியில் முதுகு வலி, எலும்பு வலி என்று வந்தால் நம் நினைவு முதலில் ஃப்ளோரைடுக்குப் போகிறது; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். நியாயமான சந்தேகம். ஆனால் ஃப்ளோரைடு எலும்பை இறுக்கிக் கெட்டியாக்கும். மைலோமா ஓட்டை போடும். ஐம்பதைத் தாண்டியவரிடம் வலியோடு ரத்தசோகையும் கிரியாட்டினின் உயர்வும் சேர்ந்திருந்தால் புரத எலக்ட்ரோபோரெசிஸ் ஒன்று எழுதுங்கள். கூடவே என்னென்ன சாப்பிடுகிறார் என்றும் கேளுங்கள். கிரீன் டீயில் உள்ள ஈஜிசிஜி என்ற பொருள் போர்டிசோமிப்பின் போரான் முனையைப் பிடித்து அதைச் செயலிழக்கச் செய்வதை 2009-இல் ஆய்வக எலிகளிலேயே காட்டியிருக்கிறார்கள். உடம்புக்கு நல்லது என்று வாங்கிக் கொடுத்த தூளையும் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும்.

மூலக்கூறு ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்து போய்ச் சேராதவரின் செல்லை எதிர்ப்புச் செல் என்று பெயரிட்டு வரிசைப்படுத்தினால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் தவறான விடையைத்தான் தரும். அவர்களைச் சலித்துப் பிரித்த பிறகு மிஞ்சும் நோயாளிகள் குறைவாகவே இருப்பார்கள். ஆனால் உண்மையான எதிர்ப்பு அவர்களிடம்தான் கிடைக்கும்.

எனவே இந்த அவையிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 'கட்டுப்படவில்லை' என்று எழுதுமுன் நான்கு விவரங்களை நிரப்புங்கள்: திட்டமிட்ட அளவு, உண்மையில் போட்ட அளவு, தவறிய ஊசிகளும் அவற்றின் காரணமும், கடைசி ஊசியின் தேதி. நாளை மாலை தீர்மானங்கள் எழுதும்போது இதை முதல் தீர்மானமாக வையுங்கள். எதிர்ப்பவர்கள் இருந்தால் தேநீர் இடைவேளைக்குக் காத்திராமல் இந்த மேடைக்கே வந்து வாதிடுங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.