இல்லறமும் வருமான வரியும்
(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டு விழா மேடையிலே வருமான வரியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். இன்னும் படித்து முடியாத நாம், பெரியோர் முன்னிலையில் பொருளியல் விளக்க வரவில்லை. எமது வீட்டில் நடந்த ஒன்றே இப்பொருளைத் தெரிந்தெடுக்கச் செய்தது.

எமது அப்பாச்சி தம் ஆயுட்காலச் சேமிப்பாகிய பத்து இலட்சம் ரூபாவை ஒரு வங்கியில் நிலையான வைப்பாக இட்டிருந்தார். ஆண்டு வட்டி 80,000 ரூபா. அதில் பத்திலொரு பங்கு, 8,000 ரூபா, வரியாகக் கழிக்கப்பட்டது. “அரசாங்கம் எடுத்தது, என்ன செய்யலாம்?” என்று அவர் பேசாதிருந்தார். உண்மையில் அவர் வரி செலுத்தவேண்டியவரே அல்லர்!

2025 ஏப்பிரல் 1 தொடக்கம் வைப்பு வட்டியில் நூற்றுக்குப் பத்து வீதம் முற்பண வரியாகக் கழிக்கப்படுகிறது. ஆனால், ஒருவரின் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதாயின், தம் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்துடன் சுயபிரகடனம் ஒன்றை வங்கிக்குக் கொடுத்து அக்கழிப்பைத் தவிர்க்கலாம். ஏற்கெனவே கழித்ததை விவரத்திரட்டு அனுப்பி மீளக் கேட்கலாம். ஆகவே, முற்பணமாகக் கழிப்பது வேறு, முடிவான வரி வேறு. இதுவே இன்று நாம் சொல்ல வந்த முதற்பாடம்.

இரண்டாவது பாடம் கணவன் மனைவியரைப் பற்றியது. இலங்கைக்கு வருமான வரி வந்தது 1932இல். ஆங்கிலேயர் வழியைத் தழுவிய அச்சட்டம் மனைவியின் வருவாயைக் கணவனின் வருவாயாகவே கொண்டது. பிரித்தானியாவில் அவ்வழக்கம் 1990 ஏப்பிரலில்தான் ஒழிந்தது. இன்று இங்கே கணவன் வேறு, மனைவி வேறு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே 18 இலட்சம் ரூபா நிவாரணம் உண்டு. அதற்கு மேல் முதற் பத்து இலட்சத்துக்கு 6 வீதம். பின் ஒவ்வோர் ஐந்து இலட்சத்துக்கும் 18, 24, 30 வீதம். எஞ்சியதற்கு 36 வீதம்.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கணவனுக்கு மாதச் சம்பளம் 2,00,000 ரூபா. மனைவிக்கு 1,40,000 ரூபா. தனித்தனியே பார்த்தால் கணவனுக்கு மாத வரி 3,000 ரூபா, மனைவிக்கு ஒன்றுமில்லை. இருவர் சம்பளத்தையும் ஒருவருடையதாகச் சேர்த்தாலோ வரி 29,500 ரூபாவாகும்! மனைவியின் உழைப்பை அவளுடையதென்று ஏற்பது மரியாதை மட்டுமன்று, குடும்பத்துக்கு நன்மையும் ஆகும். ஆனால், கணவனின் பணத்தைப் பெயருக்கு மாத்திரம் மனைவியின் கணக்கில் இட்டு அரசை ஏமாற்றுவது அறமாகாது.

மூன்றாவது, தவணை வரி. சம்பளக்காரருக்குத் தொழில்தருநரே மாதந்தோறும் வரியைக் கழித்துவிடுகிறார். 2020இல் கட்டாயமற்றுப் போன இம்முறை 2023 சனவரியில் மீண்டும் கட்டாயமாயிற்று. சம்மாட்டியாருக்கும் கருவாட்டு வியாபாரிக்கும் கழிப்பவர் யார்? எவருமில்லை. அவர்களே ஆண்டு வருவாயை மதிப்பிட்டு, ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே ஆகிய மாதங்களின் 15ஆந் திகதிகளுக்குள் நான்கு தவணைகளாகச் செலுத்தவேண்டும். செலவு போக ஆண்டுக்கு 24 இலட்சம் இலாபம் வருமாயின், வரி 36,000 ரூபா. தவணைக்கு 9,000 ரூபா. மீன்பாடு நன்றாக உள்ள மாதத்தில் ஒதுக்கி வையாதவர், கடல் கொந்தளிக்கும் மாதத்தில் கடன்படுவார்.

சம்பளக்காரரும் இதில் கவலையற்றிருக்கலாகாது. சம்பளத்தோடு வட்டியும் பெற்று 18 வீதப் படிக்கு ஏறியவருக்கு, வங்கி கழித்த பத்து வீதம் போதாது. மிகுதியை அவரே கட்டவேண்டும். அமெரிக்காவில் வாழும் நம் உறவினர்க்கும் இதே தொல்லை உண்டு. அங்கே தம்பதிகள் சேர்ந்தே விவரத்திரட்டு அனுப்பலாம். ஆயின், இருவரின் தொழில்தருநரும் மற்றவரின் சம்பளத்தை அறியாமல் கழிப்பதால், ஆண்டு முடிவில் கழித்தது குறைந்துவிடக்கூடும். எந்நாட்டிலும் கழிப்பவர் காண்பது ஒரு துண்டை மாத்திரமே. முழுக் கணக்கையும் காணக்கூடியவர் வீட்டுக்காரரே.

அன்பர்களே, 2007இல் முள்ளிக்குளத்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2017இல் போராடிய பின்னரே காணியில் ஒரு பகுதியை விடுவிக்க இணக்கம் கிடைத்தது. எழுத்திலுள்ள ஒரு துண்டுக் கடதாசியின் அருமையை நமக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. காணி உறுதியைப் பேணுவதுபோலச் சம்பளச் சிட்டையையும், வட்டிச் சான்றையும், தவணைப் பற்றுச்சீட்டையும் பேணுவோமாக. கணவன் பெயரில் ஒரு கோவை, மனைவி பெயரில் ஒரு கோவை இருக்கட்டும்.

வாலிப நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நவம்பர் 30 விவரத்திரட்டுக்கு இறுதி நாள். அதற்கு முன் ஒரு விடுமுறை நாளிலே சங்க மண்டபத்தில் கூடி, முதியோருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்போம். எமது அப்பாச்சியின் சுயபிரகடனத்தை நிரப்ப அரைமணி நேரமே சென்றது. அவ்வரைமணி நேரத்தைக் கொடுப்பார் ஒருவருமின்றி அவர் இழந்தது 8,000 ரூபா. இனி நம்மூரில் எந்தத் தாயும் அவ்வாறு இழக்கலாகாது.

அரசுக்குரியதை ஒளியாமல் கொடுப்போம். நமக்குரியதை அஞ்சாமல் கேட்போம்.