பத்து வயதுக்குமேல் பிள்ளையைப் பார்ப்பது யார்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்துடன் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும், போனசைப் பற்றியும், ஆட்குறைப்பைப் பற்றியும் நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளைகளின் உடம்பைப் பற்றிப் பேசப்போகிறோம். இது பெண்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று பின்வரிசையில் இருக்கும் தோழர்கள் எழுந்து டீ குடிக்கப் போய்விட வேண்டாம். கூலிக்கும் இதற்கும் எவ்வளவு நெருங்கிய சம்பந்தம் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் கிடைத்ததைச் சொல்லிவிடுவோம். இன்று தமிழ்நாட்டில் பிரசவம் என்றால் ஆஸ்பத்திரியில்தான். 2019-21-ல் மத்திய சர்க்கார் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நூறு பிரசவங்களில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில் நடந்தன. ஒரு வயது முடிந்து இரண்டாவது வயதில் இருந்த குழந்தைகளில் நூற்றுக்கு 89 பேருக்கு அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தும் போடப்பட்டிருந்தன. ஏழு பெற்று மூன்றை மிச்சம் பிடித்த பாட்டிமார்களின் கதை நமக்குத் தெரியும். அந்தக் கதை மாறிவிட்டது.

இது வானத்திலிருந்து விழவில்லை. 1939-லேயே சென்னை மாகாணத்துக்கென்று பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. 1946-ல் போர் கமிட்டியின் அறிக்கை வெளிவந்தது. யுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; கமிட்டித் தலைவரின் பெயர் ஜோசப் போர்! கையில் காசு இல்லை என்பதற்காக எந்த மனிதனுக்கும் வைத்தியம் மறுக்கப்படக்கூடாது என்று அந்த அறிக்கை சொன்னது. ஜனங்கள் இருக்கும் இடத்துக்கு வைத்தியம் போக வேண்டும், அதற்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேண்டும் என்றும் சொன்னது. 1952 முதல் அவை திறக்கப்பட்டன. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. அந்தத் துணை நிலையத்தில் இருப்பவர்தான் கிராம சுகாதார செவிலியர். நாம் நர்ஸம்மா என்று கூப்பிடுகிறவர்.

சரி. இப்போது நம் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பிறந்தவுடன் ஊசி, ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம், ஒன்றரை வயது, ஐந்து வயது என்று வரிசையாகத் தேதி இருக்கும். ஐந்து வயதோடு அட்டை பெட்டிக்குள் போய்விடுகிறது. சர்க்காரின் தடுப்பூசிப் பட்டியலில் பத்து வயதிலும் பதினாறு வயதிலும் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்கு எதிரான ஊசி உண்டு. நம்மில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைக்குப் போடப்பட்டிருக்கிறது? கை தூக்கச் சொன்னால் எத்தனை கை எழும்பும்?

விஷயம் ஊசியோடு முடியவில்லை. ஐந்து வயதுக்குப் பிறகு அந்தப் பெண்ணின் உடம்பை ஒரு நர்ஸோ டாக்டரோ நின்று நிதானமாகப் பார்ப்பது எப்போது? அவள் கல்யாணமாகி, கர்ப்பமாகி, பெயர் பதியப் போகும்போதுதான். இடையிலே பதினைந்து வருஷம்! அவள் வளர்வதும், வயதுக்கு வருவதும், வேலைக்குப் போவதும் எல்லாம் அந்தப் பதினைந்து வருஷத்தில்தான்.

அதன் பலனைக் கேளுங்கள். அதே கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. 2015-16 கணக்கெடுப்பில் இது 54. நாலைந்து வருஷத்தில் குறைந்தது ஒன்றே ஒன்று. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலோ குறையவும் இல்லை. 51-லிருந்து 57 ஆக ஏறிவிட்டது.

இரத்தசோகை என்றால் ஏதோ பெரிய வியாதியின் பெயர் என்று எண்ண வேண்டாம். நூறு மில்லி இரத்தத்தில் 12 கிராம் சிவப்புச்சத்து இருக்க வேண்டிய பெண்ணுக்கு அதைவிடக் குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சத்துதான் மூச்சுக்காற்றைக் கைக்கும் காலுக்கும் மூளைக்கும் சுமந்து செல்கிறது. அது குறைந்தால் படி ஏறினால் மூச்சு வாங்கும். குனிந்து நாற்று நட்டு நிமிர்ந்தால் கண் இருட்டும். எட்டு மணி நேரம் ஸ்பின்னிங்கில் நடந்து நடந்து நூல் முடிகிறவளுக்குக் கால் துவளும். சூப்பர்வைசர் அவளைச் சோம்பேறி என்பான். மேஸ்திரி அரைக்கூலி என்பான். வாத்தியார் மக்கு என்பார். வீட்டிலோ, ‘வயசுப்பொண்ணு, சும்மா படுத்துக்கிட்டே இருக்கா’ என்பார்கள். இரத்தத்தை ஒரு சொட்டு எடுத்துப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றாது.

இந்தப் பெண்தான் நாளைக்குத் தாயாகிறாள். கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேருக்கு இரத்தசோகை என்கிறது அதே கணக்கெடுப்பு. அப்படிப்பட்ட தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம் அதிகம். அந்தக் குழந்தை இரும்புச்சத்தின் சேமிப்புக் குறைவாக உலகத்துக்கு வரக்கூடும். தாத்தா பண்ணையில் வாங்கிய கடனைப் பேரன் உழைத்துக் கழித்த காலத்தைத் தஞ்சைத் தோழர்கள் அறிவார்கள். பத்திரம் எழுதாமலே இந்த இரத்தக் கடனும் அப்படித்தான் கைமாறுகிறது.

பிரசவ உதவித்தொகை உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. 1987-ல் 300 ரூபாயில் தொடங்கி, 2018-ல் 18,000 ரூபாய் ஆனது. அதை ஒரு காசு குறைக்கவும் நாம் சம்மதிக்கமாட்டோம். ஆனால் பதிமூன்று வயதில் ஊற வேண்டிய இரத்தத்தை இருபத்திரண்டு வயதில் ஏழு மாதக் கர்ப்பத்தோடு ஊற வைக்கப் பார்ப்பது, கதிர் பால் பிடிக்கும்போது நாற்றங்காலுக்கு எரு கொண்டுபோவதைப் போன்றது.

காகிதத்தில் திட்டம் இல்லாமல் இல்லை. 2013 முதல் வாரத்துக்கு ஓர் இரும்புச்சத்து மாத்திரை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பூச்சி மாத்திரை. 2014 ஜனவரியில் வளரிளம் பருவத்தாருக்கென்றே ஒரு தேசியத் திட்டமும் அறிவிக்கப்பட்டது. பத்து முதல் பத்தொன்பது வயது வரை அத்தனை பேருக்கும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளைக்கு வாத்தியார் கையால் மாத்திரை கிடைக்கிறது. படிப்பை விட்ட பெண் அங்கன்வாடிக்குப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. காலை ஆறு மணிக்கு நடவுக்குப் போகிறவள் எந்த நேரத்தில் அங்கன்வாடிக்குப் போவாள்? ஊரிலேயே இல்லாமல், வெகுதூரத்தில் ஆலை ஹாஸ்டலில் இருக்கிறவள் எந்த அங்கன்வாடிக்குப் போவாள்?

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. விவசாயத் தொழிலாளி வேறு, ஆலைத் தொழிலாளி வேறு என்று நாம் இரண்டு சங்கம் வைத்திருக்கிறோம். ஆனால் அந்த விவசாயத் தொழிலாளியின் மகள்தானே இன்று ஆலையில் நூல் நூற்கிறாள்! சுமங்கலித் திட்டம் என்றும், கல்யாண உதவித் திட்டம் என்றும் பெயர் சூட்டி, மூன்று வருஷம் வேலை செய்தால் முடிவில் மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டி, தென் மாவட்டங்களிலிருந்தும் காவிரிப் படுகையிலிருந்தும் பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களைக் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்கு ஏஜெண்டுகள் கூட்டிப்போன கதை ஊரறிந்தது. பெயர்ப்பலகை பல இடங்களில் மாறிவிட்டது. காம்பவுண்டு சுவருக்குள் ஹாஸ்டல், வாசலில் வாட்ச்மேன் என்ற ஏற்பாடு மாறவில்லை.

மாதவிலக்கு நாளில் வயிற்றுவலி என்று சொன்னால் அந்தப் பெண்களுக்கு என்ன கிடைக்கிறது? 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஜவுளித் தொழிலில் உள்ள சுமார் நூறு பெண்களைக் கண்டு பேசி ஒரு செய்தி வெளியிட்டார்கள். வலிக்கு ஆலையிலேயே மாத்திரை கொடுக்கிறார்கள். அதன்மேல் பெயர் இல்லை, விவரம் இல்லை. என்ன மாத்திரை என்று விழுங்குகிறவளுக்குத் தெரியாது என்பது அதிலே வெளிப்பட்டது. எதற்காக? ஷிப்டு நிற்கக்கூடாது; மிஷின் ஓட வேண்டும். இது வைத்தியமா? மிஷினுக்கு எண்ணெய் விடும் வேலை அல்லவா?

அந்தப் பெண்ணின் கூலியில் இ.எஸ்.ஐ.க்கென்று பிடித்தம் உண்டு. 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு நூறு ரூபாய்க்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூன்றேகால் ரூபாய். இந்த மாநிலத்தில் இ.எஸ்.ஐ. முதன்முதலில் வந்ததே 1955-ல் கோவையில்தான். பஞ்சாலைத் தொழிலாளியின் இருமலுக்கும் காசத்துக்கும் மருந்து தந்த ஏற்பாடு அது. இன்று பிடித்தம் செய்யப்படுகிற பெண்ணின் கையில் அட்டை இருக்கிறதா? டிஸ்பென்ஸரிக்குப் போக கேட்டைத் திறந்துவிடுகிறார்களா? அவள் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்களா? மகளை ஹாஸ்டலில் விட்டிருக்கும் தாய்மார்களே, அடுத்த முறை போனில் பேசும்போது ‘சாப்பிட்டியா’ என்று கேட்பதோடு இந்த மூன்றையும் கேளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1956-ல் காமராஜர் காலத்தில் வந்த மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்து, பிறகு பத்தாம் வகுப்பு வரை போயிற்று. 2022-ல் ஆரம்பப் பள்ளிக்குக் காலை உணவும் வந்தது. நல்ல காரியம். ஆனால் பத்தாம் வகுப்போடு தட்டு நின்றுவிடுகிறது. பதினோராம் வகுப்புக்குப் போனால் பசிக்காது என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? உடம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இரண்டு வருஷம் அது.

‘முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்லுங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று சில படித்தவர்கள் நமக்கு உபதேசம் செய்கிறார்கள். கீரை நல்லதுதான், சாப்பிடுங்கள். ஆனால் முருங்கை வைக்கக் கொல்லை வேண்டுமே! வாய்க்கால் ஓரப் புறம்போக்கில் ஒன்றரை ஆள் படுக்கிற குடிசைக்கு ஏது கொல்லை?

நம் வீட்டு அநியாயத்தையும் மறைக்கக்கூடாது. குழம்பில் கிடக்கும் மீன் துண்டு யார் இலைக்குப் போகிறது? அப்பாவுக்கு, பிறகு அண்ணனுக்கு. கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுவது யார்? இதற்கு முதலாளி காரணம் என்று சொல்ல முடியாது, தோழர்களே. மாதாமாதம் இரத்தம் போகிற உடம்புக்கு மீனும் முட்டையும் முதலில் போக வேண்டும்.

மாத்திரையைப் பற்றித் தாய்மார்கள் சொல்லும் குறையும் நியாயமானது. வயிறு புரட்டுகிறது, மலம் கறுத்துப் போகிறது என்று பெண்கள் பயந்து தூக்கி எறிந்துவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்ட பிறகு போட்டால் புரட்டல் குறையும். கறுப்பது இரும்பின் நிறம். அதனால் கெடுதல் இல்லை. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் சத்து நன்றாகப் பிடிக்கும். வெறுங்காலோடு சேற்றிலும் வெளிக்குப் போகும் இடத்திலும் நடக்கும்போது கொக்கிப்புழு தோல் வழியே ஏறி, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சுகிறது. அதற்குத்தான் வருஷம் இரண்டு பூச்சி மாத்திரை. இவ்வளவையும் பெண்ணிடம் பொறுமையாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் நர்ஸம்மாதான். அவர் வரவில்லை, வரவில்லை என்று அவரைத் திட்டுவது சுலபம். ஐயாயிரம் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. பக்கத்து ஊரில் இடம் காலியாக இருந்தால் அந்த ஐயாயிரமும் இவர் தலையில். வீடு வீடாகப் போக வேண்டிய நேரத்தைக் கம்ப்யூட்டர் பதிவு தின்றுவிடுகிறது என்று அவர்களே போராடியிருக்கிறார்கள். அங்கன்வாடி ஊழியர்களையும் நிரந்தர ஊழியராக்காமல்தான் வைத்திருக்கிறார்கள். இவர்கள் கோரிக்கை வேறு, நம் பிள்ளைகளின் கோரிக்கை வேறு அல்ல.

1978 செப்டம்பரில் சோவியத் கஸாக்ஸ்தானின் ஆல்மா-ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடி, ஆரம்ப சுகாதாரம் என்றால் மருந்து மட்டுமல்ல, சோறும் குடிதண்ணீரும் தாய்-சேய் நலமும் சேர்ந்ததுதான் என்று பிரகடனம் செய்தன. ஜனங்கள் கூட இருந்து திட்டமிட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இந்தக் கடைசி வரியை அமல் நடத்துவது நம் கையில்.

ஆகவே, மே முதல் தேதி கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். துணை சுகாதார நிலையம் வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஆறு மணிக்குமேல், வேலை முடிந்து வருகிறவர்களுக்காகத் திறந்திருக்க வேண்டும். காலியான செவிலியர் இடங்களை நிரப்ப வேண்டும். பத்து வயது முதல் பத்தொன்பது வரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, படிக்கிறதோ வேலைக்குப் போகிறதோ, வருஷத்துக்கு ஒரு தரம் இரத்தப் பரிசோதனை நடக்க வேண்டும்; அதற்குக் கூலி பிடிக்கக்கூடாது. ஆலை ஹாஸ்டலுக்குள் சர்க்கார் நர்ஸ் போய்ப் பார்க்க அனுமதி வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை சத்துணவு வேண்டும்.

தீர்மானம் வெறும் பேச்சாக இருந்தால் அதிகாரி ‘ஆவன செய்கிறோம்’ என்று எழுதி மூடிவிடுவார். அதனால் தெருவுக்கு இரண்டு தாய்மார்கள் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போக வேண்டும். பிள்ளையின் வயது, படிப்பா வேலையா, பத்து வயது ஊசி போட்டதா, கடைசியாக இரத்தம் பார்த்தது எப்போது, இந்த நாலு கேள்வி போதும். ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணானால் ஆலை இருக்கும் ஊர், சேர்ந்த தேதி, இ.எஸ்.ஐ. எண் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். பெண்களின் பெயர் வெளியே போகாது. எண்ணிக்கை மட்டும் மனுவில் வரும். ஏப்ரல் இருபதாம் தேதிக்குள் நோட்டுகள் சங்க ஆபீசுக்கு வந்துவிட்டால், மனு எழுதி ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, அதன் ரசீதோடு கிராம சபைக்குப் போகலாம். கீழத்தெருவுக்கும் காலனிக்கும் யார் யார் என்பதை இந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிட்டுக் கலைவோம்.