ஒரே எழுத்து, இரண்டு மத்யமம்

வாழவந்தியிலும் சேர்வராயன் மலையின் மற்ற ஊர்களிலும் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களே, வீட்டில் வயலின் கற்கும் பிள்ளைகள் இருந்தால் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

வீணைக்கு 24 மெட்டுகள் உண்டு. வயலினுக்கு ஒன்றுகூடக் கிடையாது. விரல் விழுகிற இடம்தான் சுரம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இந்த மேல்நாட்டு வாத்தியத்தை நம் இசைக்குக் கொண்டுவந்தார். சுரத்தை அசைக்கும் கமகத்துக்கு அது வளைந்து கொடுத்ததும் மெட்டு இல்லாததால்தான். கற்பவரைச் சோதிப்பதும் அதேதான்.

அந்தர காந்தாரம், பிரதி மத்யமம், காகலி நிஷாதம் என்று மேலே ஏறி நிற்கும் சுரங்களில்தான் விரல் அதிகம் தடுமாறும். மத்யமத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் தந்தி ஸட்ஜம். மெல்லிய முதல் தந்தி பஞ்சமம். இரண்டாம் தந்தியில் பிரதி மத்யமத்தைப் பிடியுங்கள். உடனே முதல் தந்தியை விரல் வைக்காமல் இழுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் காதுக்குத் தெரிந்துவிடும். விரல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே போனாலே, இந்த மத்யமம் வரும் கல்யாணி ராகம் கலைந்துவிடும்.

ஆனால் வராளி ராகத்தில் நிலைமை வேறு. அதே பிரதி மத்யமம் அங்கே இன்னும் ஏறி, பஞ்சமத்தை ஒட்டி நிற்க வேண்டும். நோட்டில் இரண்டுக்கும் ஒரே 'ம' தான். தியாகராஜரின் பஞ்சரத்தினங்களில் ஒன்றான 'கனகனருசிரா' வராளியில் அமைந்தது. அதைப் புத்தகம் பார்த்து மட்டும் கற்க முடியாது. 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கி வைத்ததற்கும், கட்டையில் அடங்கிய சுரம் இப்படி அசையாது என்பது ஒரு காரணம்.

பிள்ளைகளே, மலையில் பனியும் ஈரமும் அதிகம். மரம் ஈரத்தை இழுக்கும், பிரடை இறுகும். பெட்டியைத் திறந்து சற்று நேரம் விட்டுச் சுருதி சேருங்கள். தம்புராவையோ சுருதிப் பெட்டியையோ ஒலிக்கவிட்டு, ஒரு வில்லுக்கு ஒரு சுரம் என்று நிதானமாக இழுங்கள். விரல் வைக்கும் இடத்துக்குப் பொட்டு ஒட்டிப் பழகாதீர்கள். பொட்டு ஒரு மத்யமத்தைத்தான் காட்டும். கல்யாணிக்கு ஒன்று, வராளிக்கு ஒன்று என்று பிரித்துச் சொல்ல உங்கள் காதால்தான் முடியும். நல்ல வித்வான்களின் வராளியைத் தேடிக் கேளுங்கள்.