கூட்டம் நிற்கிற கடை

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர், "ஓர் ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணுங்கள், அதுதான் அதன் தரம்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். கைதட்டலும் வாங்கிட்டார். நான் ஒன்று கேட்கிறேன். இந்த ஆம்பூரில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் எத்தனை பிரியாணிக் கடை! வெளியூர்க்காரர் எதிலே நுழைவார்? கூட்டம் நிற்கிற கடையிலே. ருசி பார்த்தா போனார்? கூட்டத்தைப் பார்த்துப் போனார். இப்போ கூட்டத்திலே இன்னொரு தலை கூடிப்போச்சு. அடுத்து வர்றவர் இவரையும் சேர்த்து எண்ணுவார்!

ஆராய்ச்சி உலகத்திலும் இதே கதைதான். பெயர் பெற்றவருக்கே மேலும் பெயர் சேர்வதற்கு, 1968-இல் ராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 'மத்தேயு விளைவு' என்று பெயர் வைத்தார். 2021-இல் வந்த ஓர் ஆய்வு, 118 துறைகளில் சுமார் 40 லட்சம் ஆய்வாளர்களை எடுத்துப் பார்த்தது. அதிக மேற்கோள் பெற்ற ஒரு சதவீதம் பேரின் பங்கு 2000-இல் 14 சதவீதம். 2015-இல் 21 சதவீதம். நூறு பேர் உட்கார்ந்த பந்தியில், ஒருத்தர் இலையில் மட்டும் ஐந்தில் ஒரு பங்குச் சோறு!

துறைக்குத் துறையும் வித்தியாசம் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர் எழுதினால் படிக்க உலகம் முழுக்க மருத்துவர்கள். தோல் பதனிடும் தொழில்நுட்பம் பற்றி எழுதினால்? அந்தத் துறையே சின்னது. எழுதியவர் என்ன செய்வார்? 1964-இல் யூஜீன் கார்ஃபீல்டு மேற்கோள் அட்டவணையைக் கொண்டுவந்தது, கட்டுரைகளைத் தேடிப் பிடிக்க. வழிகாட்டிப் பலகையைப் பிடுங்கி எடைக்கல்லாக்கினது நாம்தான்!

தோல் தொழில் இந்த ஊருக்குச் சோறு போடுது, நான் மறுக்கலை. ஆனால் பாலாற்றங்கரை நிலம் என்ன ஆச்சு? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கணக்கெடுத்தது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம், பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருந்தது. அந்தக் கணக்கு எங்கே ஏறியது தெரியுமா? 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் சொன்ன தீர்ப்பிலே! மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. எதிரணி நண்பரே, மண்ணைச் சோதித்த அந்த ஆய்வை எத்தனை பேர் அடிக்குறிப்பில் போட்டார்கள் என்று எண்ணித்தான் மதிப்பெண் போடுவீர்களா?

பிரச்சினையும் தீரலை. 2025 ஜனவரியில், இதே வேலூர்த் தோல் ஆலைக் கழிவுக்காக உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. வாணியம்பாடியில் விவசாயி மகள் ஒருத்தி முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறாள் என்று வையுங்கள். அப்பாவோட கிணற்றுத் தண்ணியை ஆராயலாம்னு நினைப்பாள். "வேணாம்மா, மேற்கோள் வராது. வேலைக்குப் போறப்போ அந்த எண்ணைத்தான் கேட்பாங்க" என்று பக்கத்திலே ஒருத்தர் சொல்வார். அவள் தலைப்பை மாற்றிக்கொண்டால், அந்தக் கிணற்றை யார் சோதிப்பது?

மணி அடிச்சிட்டீங்க நடுவர் அவர்களே. பதிலை எதிரணி நண்பர் சொல்லட்டும்.