முகம் பார்த்தல்



உடப்பு, சிலாபம், கற்பிட்டிப் பக்கங்களிலே வீடுகளுக்குள் நுழைந்தால் சுவரில் மாலையிட்ட படங்களைக் காணலாம். அவற்றுட் பல, அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டவை. இருக்கும்வரை பாராத முகத்தைத் தேடி, போனபின் ஸ்டூடியோவுக்கு ஓடுகிறோம்.

எங்கள் ஊர்ப் பொதுமண்டபத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் சித்திர வகுப்பொன்று நடக்கிறது. கடைக்காரர், தையல் வேலை செய்யும் பெண்கள், மாணவர் ஆகியோரோடு தமிழ் வாத்தியாராகிய நானும் அங்கே மாணவன். படிப்பது முகம் வரைதல்.

முதற் பாடமே வியப்பானது. உச்சிக்கும் மோவாய்க்கும் சரிபாதியில்தான் கண்கள் இருக்கின்றன. வரையத் தொடங்குவோர் பெரும்பாலும் அவற்றை மேலேற்றி விடுவார்கள். கண்ணும் வாயும் நமக்குப் பெரிது. நெற்றியும் தலையும் ஒரு பொருட்டல்ல. ஆகவே காண்பதை விட்டு, எண்ணியதை வரைகிறோம். இதற்கு மருந்து, கையை நீட்டிப் பென்சிலால் அளந்து, மீண்டும் மீண்டும் பார்ப்பதே.

ஒருநாள், கரைவலை இழுத்து முதிர்ந்த பெரியவர் ஒருவரை அமர்த்தினோம். "நான் இன்னும் உசிரோடதானே இருக்கிறேன் மாஸ்டர், இப்ப எதுக்குப் படம்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்விக்குள் நம் வழக்கம் முழுவதும் அடங்கியிருந்தது. வெயிலுக்குச் சுருங்கிச் சுருங்கி அவர் கண்ணோரத்தில் விழுந்த கோடுகளை அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். நாள்தோறும் வீதியிற் கண்ட முகம் அது.

இத்தகைய வகுப்புகள் நமக்குப் புதியன அல்ல. இலங்கையின் பிரதம சித்திர வித்தியாதரிசியாயிருந்த வின்சரின் பெயரால், 1938இல் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 'வின்சர் சித்திரக் கழக'த்தை நிறுவினார். பின்னர் 'விடுமுறைக்கால ஓவியர் கழகம்' இயங்கியது. பெயரே சொல்வதுபோல், ஓய்வு நாட்களில் கூடி ஓவியம் பயின்ற கழகம் அது. ஓவியர் மாற்கு அங்கே பலருக்குக் கற்பித்தார். 1995 இடப்பெயர்விலே அவருடைய ஓவியங்கள் பல அழிந்தன. 2000இல் அவரும் மறைந்தார். ஆனால் அவரிடம் பயின்றவர்கள் வரைந்தார்கள். படம் அழியலாம், பார்க்கப் பழகிய கண்ணை எவரும் பறிக்க முடியாது.

நம் இலக்கியமும் இதை அறியும். மடலேறும் தலைவன் தலைவியின் உருவெழுதிய கிழியை ஏந்தி வீதிக்கு வருவான். அங்கே ஓவியம் இறந்தவருக்கான நினைவுச் சின்னமன்று. உயிரோடிருப்பவளை வேண்டி நிற்கும் விண்ணப்பம். நெடுநல்வாடைப் புலவரோ, அணி களைந்து வாடியிருக்கும் அரசியை வண்ணந் தீட்டாத கோட்டோவியத்துக்கு ஒப்பிடுகிறார். வெறுங் கோட்டின் அழகைக் கண்டவரே அப்படிச் சொல்ல முடியும்.

நேயர்களே, ஓவியர் ஆவதற்காக மட்டும் பென்சிலை எடுக்க வேண்டுமென்பதில்லை. உங்கள் வீட்டு முதியவரின் எதிரே அரை மணி நேரம் அமருங்கள். வரைந்த படம் அவரைப் போல இராவிட்டாலும் குறையில்லை. அந்த அரை மணி நேரம் ஒருவர் தம்மைக் கவனித்துப் பார்த்தார் என்பதை அவர் அறிவார். மாலை போடும் நாளில் அந்த அறிதலை அவருக்குக் கொடுக்க முடியாது.