காடு காக்கும் படிப்பும் கடன் பத்திரமும்



காடு, ஆறு, மண், காற்று இவற்றைக் காக்கும் படிப்புப் படிக்க வேண்டுமென்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். இதில் வியப்பென்ன இருக்கிறது? நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீர் ஓடியபோது யாருடைய கிணறு கெட்டது? 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் கழிவுக் குட்டையாகிப் போனதே, யாருடைய வயல் பாழாயிற்று? 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது யாருடைய கூலி நின்றது? எல்லாம் நம்முடையதுதான். ஆகவே அந்த ஆசை நியாயமான ஆசை. அதைக் குறை சொல்ல நாம் இங்கே கூடவில்லை. அதற்கு வாங்கும் கடனைக் கணக்குப் பார்க்கவே கூடியிருக்கிறோம்.

கல்விக் கடன் பத்திரத்தில் பிள்ளை மட்டுமா கையெழுத்திடுகிறான்? பெற்றோரும் கையெழுத்திடுகிறார்கள். பிள்ளைக்கு வேலை கிடைக்காவிட்டால் வங்கி யாரைத் தேடி வரும்? ஆலைத் தொழிலாளியையும் வயற்காட்டுக் கூலியையும் தேடித்தான் வரும்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுக்கு 4 லட்சம் கடன், வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி தூங்குகிறதா? இல்லை. முதல் லட்சத்துக்கு 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. ஆக 1,40,000 ரூபாய் ஏறிவிடும். தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000. பத்தாண்டில் அடைக்க வேண்டுமானால் மாதம் ஏறக்குறைய 7,136 ரூபாய் கட்ட வேண்டும். வாங்கியது 4 லட்சம். கட்டுவது எட்டரை லட்சத்துக்கு மேல்!

இனி வரவைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் வனக்காப்பாளர் வேலைக்கு அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்குவது. பஞ்சப்படி சேரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலைக்கு அறிவியல் பாடத்தோடு பிளஸ் டூ முடித்திருந்தாலே போதும். பட்டத்துக்காகக் கடன் வாங்கிவிட்டு, பட்டம் தேவைப்படாத வேலைக்குப் போய், அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு நாற்பதைத் தவணையாகக் கட்டினால் மிச்சம் என்ன? ஆராய்ச்சித் திட்டங்களில் வேலை உண்டு. ஆனால் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும், தவணை முடியாது.

பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்

இந்திய வனப்பணித் தேர்வை எழுத எந்தப் பட்டம் வேண்டும்? வனவியல், வேளாண்மை, பொறியியல் ஆகிய பட்டங்களில் ஒன்று வேண்டும். இல்லையேல் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், புவியியல் எனப்படும் ஜியாலஜி, கால்நடை மருத்துவம் ஆகியவற்றில் ஒரு பாடமாவது பட்டப்படிப்பில் இருக்க வேண்டும். ‘சுற்றுச்சூழல்’ என்ற பெயர் மட்டும் போதாது. அழகான பெயர் வைத்து அதிகக் கட்டணம் வாங்கும் படிப்பைவிட, அரசுக் கல்லூரியில் கடனின்றிப் படிக்கும் தாவரவியலோ வேதியியலோ அதிகக் கதவுகளைத் திறக்கக்கூடும். வேதியியல் படித்தவருக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலும் வேலை உண்டு. அதுவும் ஆற்றைக் காக்கும் வேலைதானே?

வனவியலே வேண்டுமென்றால் மேட்டுப்பாளையத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி இருக்கிறது. வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு நூற்றுக்கு 7.5 இடம் தரும் தமிழ்நாட்டுச் சட்டம் 2021-இல் வந்தது. தனியார் கல்லூரிக்குப் பணம் கட்டுமுன் அந்த வாய்ப்பை விசாரியுங்கள்.

கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகள்

ஒன்று: இந்தப் பட்டம் எந்தெந்த வேலைக்கு ஏற்றது? பழைய தேர்வு அறிவிப்பை எடுத்து வரிவரியாகப் படியுங்கள்.

இரண்டு: வட்டிச் சலுகை உண்டா? ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளின் தொழிற்படிப்புக் கடனுக்குப் படிப்புக்கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-இல் தொடங்கியது. இந்தப் படிப்பும் கல்லூரியும் அதில் சேருமா என்று வங்கியில் கேளுங்கள். சேர்ந்தால் நம் கணக்கில் 1,40,000 குறையும். தவணை 5,286 ஆகும்.

மூன்று: அடமானம் கேட்கிறார்களா? 7.5 லட்சம் வரை அடமானமில்லாக் கடனுக்காக மத்திய அரசு உத்தரவாத நிதி ஒன்றை 2015-இல் ஏற்படுத்தியது. வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

நான்கு: பிள்ளைக்கு ஓராண்டு வேலையில்லாமல் போனால் நம் கூலியில் தவணை கட்ட முடியுமா? முடியாதென்றால் கடனைக் குறையுங்கள், கல்லூரியை மாற்றுங்கள். ஆசையை மட்டும் கொல்லாதீர்கள்.

தோழர்களே! கெட்ட ஆற்றின் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு ஆற்றின் அருமை புத்தகம் படித்துத்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. அந்தப் பிள்ளை படிக்கத்தான் வேண்டும். வட்டிக்காக வேறு பிழைப்புத் தேடி ஓடாமல், படித்த வேலையிலேயே அது நிலைத்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கணக்கு. இன்றிரவே பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, தாளும் பென்சிலும் எடுத்து, இருவருமாகப் போட்டுப் பாருங்கள்!